எந்த கேம் போடட்டும்?

வீடியோ கேம் கடை நடத்துவதில் மெஷின் பழுதாவது பெரிய தொல்லை இல்லை, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே "எந்த கேம் நல்லாயிருக்கும்?" என்று கேட்கிறார்களே, அதுதான் தொல்லை. ஜவுளிக்கடையிலோ ஹோட்டலிலோ இதே கேள்விக்குப் பதில் சொல்லித் தோற்றவர்களுக்கு என் கஷ்டம் புரியும். சவுதியிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த இரண்டு மெஷின்களை வைத்து 2006-ல் தேங்காய்ப்பட்டணத்தில் கடை போட்டேன். ஆளைப் பார்த்தாலே அவருக்கு என்ன பிடிக்கும் என்று சொல்லிவிடலாம் என்ற திமிர் அப்போது இருந்தது.

கடல்காரருக்கு மீன்

தடைக்காலம். படகுகள் கரையில் கிடந்தன. விசைப்படகு ஓட்டும் அந்தோணி அண்ணன் பொழுது போகாமல் வந்து உட்கார்ந்தார். நான் யோசிக்கவே இல்லை, தூண்டில் போட்டு மீன் பிடிக்கும் கேமைப் போட்டுக் கொடுத்தேன். பத்து நிமிஷம் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மீன் மாட்டியது. இதை என்ன செய்ய என்று கேட்டார். திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்றேன். அவர் பார்த்ததுபோல என் மாமனார்கூட என்னைப் பார்த்ததில்லை.

பிறகு அலமாரியைத் தானே துழாவி, அட்டையில் பசுமாடு படம் போட்ட சிடியை எடுத்தார். விவசாய கேம். தடை முடியும்வரை தினமும் வந்து தக்காளி நட்டார், தண்ணீர் ஊற்றினார், திரையில் மழை பெய்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கடலுக்குப் போகிற நாள் வந்தபோது பூசணி காய்க்கவில்லையே என்று அவருக்கு நிஜமாகவே வருத்தம். அப்படி என்ன இருக்கிறது இதில் என்று கேட்டேன். "கடல்ல நாங்க விதைக்காம அறுக்குத ஆளுக மக்கா. விதைச்சா எப்பிடி இருக்கும்னு ஒருக்கா பாக்கண்டாமா?"

எனக்குப் பிடித்தது

எனக்குப் பிடித்தது கோட்டை கட்டி, படை திரட்டி, நிதானமாக நாடு பிடிக்கும் கேம். வந்தவர்களிடமெல்லாம் மூன்று வருஷம் சிபாரிசு செய்தேன். ஒருவரும் கால்மணி நேரம் தாண்டவில்லை. ரிட்டயர்டான சர்வேயர் ஒருவர் மட்டும் ஒரு மே மாத மத்தியானம் மூன்று மணி நேரம் ஆடினார். எழுந்தவுடன் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ரசனை உள்ள மனுஷர் ஒருவரையாவது பார்த்தேனே என்று சொல்லி, அவருக்கு எந்த இடம் ரொம்பப் பிடித்தது என்று கேட்டேன். "ஃபேனுக்கு நேர் கீழ உள்ள இடம்தான் தம்பி."

குஸ்தியும் கல்யாணமும்

ஷைனி குவைத்தில் நர்ஸ். லீவில் வந்தால் கடைக்கு வருவாள். குஸ்தி கேம்தான் ஆடுவாள். அதிலும் இருப்பதிலேயே பெரிய தடியனாகப் பார்த்து எடுப்பாள். அவளுக்கு நிச்சயித்திருந்த ராபின்சன் ஒருநாள் தனியாக வந்து, அவளுக்கு என்ன கேம் பிடிக்கும் என்று மெதுவாக விசாரித்தார். சொன்னேன். ஒரு வாரம் விடாமல் வந்து பழகினார். எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்பது கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை.

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். ஐந்து ஆட்டம், ஐந்திலும் அவர் மல்லாந்தார். ஷைனிக்குக் கோபம் வந்துவிட்டது. பாவம் பார்த்துத் தோற்கிறவர்கள் தனக்குப் பிடிக்காது, கல்யாணத்துக்கு அப்புறமும் இப்படித்தான் நடிப்பீர்களா என்று நேராகவே கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பணிவைப் பார்த்து அவள் முகம் இளகியதை நான் கண்டேன். அவள் வெளியே போனதும், மறந்த ஹெல்மெட்டை எடுக்க வந்தவர் என் காதோரம் சொன்னார். "ஒரு வாரம் இஞ்ச வந்தத மட்டும் சொல்லிராதீங்க அண்ணே. நான் விட்டுக்குடுத்ததாவே இருக்கட்டும்."

பிரேசிலுக்கு எதிராக பிரேசில்

வின்சென்டும் ஜஸ்டினும் அண்ணன் தம்பி. வீட்டு எல்லையில் நின்ற பலாமரத்தை வெட்டியதில் பிணங்கி, நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. அம்மா இறந்தபோதுகூட ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். கடைக்கும் வேறு வேறு நாளில்தான் வருவார்கள். ஒரு மழை நாளில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டார்கள். ஒரு மெஷின் ரிப்பேரில் இருந்தது. எழுந்து போனால் தோற்றதாக ஆகிவிடும் என்று இருவரும் அசையவில்லை. சேர்ந்து ஆடுவதானால் ஆடுங்கள், இல்லையென்றால் நான் கடையைப் பூட்டுகிறேன் என்றேன்.

ஃபுட்பால்தான் வேண்டும் என்று தம்பி என்னிடம் சொன்னார். பிரேசில்தான் வேண்டும் என்று அண்ணன் என்னிடம் சொன்னார். தனக்கும் பிரேசில்தான் என்று தம்பி மறுபடி என்னிடமே சொன்னார். மஞ்சள் சட்டையில் ஒரு பிரேசில், நீலச் சட்டையில் ஒரு பிரேசில் என்று போட்டுவிட்டேன். ஆட்டம் முடிகிற நேரம் ஜஸ்டின் ஒரு கோல் போட்டார். திரை அதைக் கோல் என்றே ஒத்துக்கொண்டது. வின்சென்ட் நாலு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தம்பியின் முகத்துக்கு நேரே திரும்பினார். "லேய், அது ஆஃப்சைடாக்கும்."

எட்டு வருஷம் அந்தக் கடை ஓடியதற்கு ஒரே காரணம், என்ன ஆடலாம் என்று என்னிடம் கேட்ட ஒருவரும் நான் சொன்னதைக் கேட்காததுதான்.