எட்டு என்று சொன்னவன்

மாடிக் கொடியில் காயும் ஜாக்கெட் துணிகளோடு துணியாக ஓர் ஏரியல் கம்பியும் ஓடும். அதை விரலால் தொட்டால் அறைக்குள் இருக்கும் ரேடியோ பாம்பு மாதிரிச் சீறும். அந்தச் சீறலைக் கேட்டே வளர்ந்த நான் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நாம் ரேடியோவைக் கேட்கும்போது ரேடியோவும் நம்மைக் கேட்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது ஆறாம் வகுப்பு. அறிவியலில் எழுபது மார்க் வேறு.

முழுத் தப்பும் என்மேல் இல்லை. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னாலிருந்த சந்தில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு, இலங்கையிலிருந்து படகேறி வந்த ராணி அக்கா குடிவந்திருந்தாள். தெருவுக்கே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். அவள் ஊரை ராணுவம் பிடித்து வைத்திருந்தது. பள்ளிக்கூடங்களை மூடிவிட்டு அவற்றில் முகாம் போட்டிருந்தது. அக்கா 'பற்றறி' என்று சொல்லும் பேட்டரியை வைத்திருப்பதே அங்கே குற்றம். அப்படியும், எங்கோ ஒளித்து வைத்த கருவியிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் ஒரு ரகசிய ஒலிபரப்பு வரும். வீர உரை வரும் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால், வந்தது கணக்குப் பாடம். கட்டடத்தைத்தானே பூட்டினாய், படிப்பைப் பூட்டு பார்க்கலாம் என்கிற வீம்பு அது. பாடம் எடுத்தவர் அக்காவின் தம்பி. தபால் நின்றுபோயிருந்த அந்த நாட்களில் அவர் குரல்தான் அவளுக்குக் கடிதம். குரல் வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார்.

ஒரு நாள், "ரெண்டு எக்ஸோடை மூண்டைக் கூட்டினால் பதினொண்டு. எக்ஸ் எத்தினை?" என்று கேட்டுவிட்டுக் குரல் நின்றது. நான் முந்திரிக்கொட்டை மாதிரி "எட்டு" என்று கத்தினேன். ரேடியோ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எட்டு எண்டு சொன்ன ஆக்கள் ரெண்டாலை பிரிக்க மறந்திட்டினம்" என்றது. எனக்கு வியர்த்துவிட்டது. அன்றிலிருந்து அதன் முன்னால் தும்மக்கூட மாட்டேன். நம் பேச்சு அவருக்குக் கேட்டால் ராணுவத்துக்கும் கேட்கும். ராணுவத்துக்குக் கேட்டால் நம்மூர் போலீசுக்குக் கேட்காதா?

கேட்டுவிட்டது போலத்தான் இருந்தது. ஒரு சாயங்காலம், ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, வாசலில் ஒரு கான்ஸ்டபிள். "மேல யாருபா குடிகீறாங்க? பேரு எழுதணும்." இலங்கையிலிருந்து வந்தவர்களின் பெயரை வீடுவீடாக எழுதிப்போவது அப்போது வழக்கம் என்று அப்பாவுக்குத் தெரியும். நானோ, எட்டு என்று சொன்னவனைத் தேடி வந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். மாடிக்கு ஓடி, ரேடியோவின் முதுகைத் திறந்து, நாலு பேட்டரியையும் பிடுங்கிப் பின்பக்கக் கிணற்றில் வீசினேன். ஊரையே காப்பாற்றிய பெருமை எனக்கு.

பக்கத்து வீட்டுக்கு ஜாக்கெட் கொடுக்கப் போயிருந்த அக்கா வந்து ரேடியோவைத் திருகினாள். மூச்சில்லை.

"எங்கையடா பற்றறி?"

"கிணத்துலக்கா. போலீஸ் வந்துகீறாரு. நாம பேசறதெல்லாம் அவங்களுக்குக் கேக்கும்க்கா."

"விசரா! மூண்டு நாளாத் தம்பிக்கு இருமல். கடைக்குப் போய் வாறதுக்குள்ளை பாடம் முடிஞ்சிடும். போய் உன்ரை சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வா."

பேட்டரி இல்லாத ஊர் எப்படி ரேடியோ கேட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினாள், டைனமோவை டயரில் ஒட்டவைத்தாள், ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த ஒயர்த் துண்டை ரேடியோவில் சொருகினாள். நான் பெடலைக் கையால் சுற்றச் சுற்ற ரேடியோ சீறியது. பார்த்தால் கதவருகே கான்ஸ்டபிள், அவருக்குப் பின்னால் வெளிறிய அப்பா.

"இன்னாது இது, சைக்கிள்ல பாட்டா?"

என் கை நின்றது, ரேடியோ செத்தது.

"நிப்பாட்டாதை!" என்று என்னை அதட்டிவிட்டு, அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "பாட்டில்லை ஐயா, கணக்கு. உங்கட பிள்ளை என்ன படிக்குது?"

"எட்டாவதும்மா. கணக்குல முட்டை."

"அப்ப இருந்து எழுதிக்கொண்டு போங்கோ. பிறகு என்ரை பேரை எழுதலாம்."

அவர் உண்மையிலேயே தையல் ஸ்டூலில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

சீறல் விலகிக் குரல் வந்தது. ஒரு பெண்ணின் குரல். "நேற்று நிப்பாட்டின இடத்திலை இருந்து, மூண்டாம் கணக்கு."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்து, வெட்டுப்பலகைமேல் அந்தக் கணக்கை எழுதினாள். "சுத்தடா," என்றாள். சுற்றினேன். அந்தப் பெண் கேள்வியைக் கேட்டுவிட்டு நிறுத்தினாள். ரேடியோவுக்குக் கேட்கும்படியாக அக்கா உரக்க, "அஞ்சு" என்றாள்.

"அஞ்சு. சரி," என்றது ரேடியோ.

இன்று அந்தச் சந்தில் கிணறு இல்லை. அது இருந்த இடத்தில் அடுக்குமாடிக்காரர்களின் கார்கள் நிற்கின்றன. கொடிக்கயிறு போயிற்று, சீறல் போயிற்று, டைனமோ என்றால் என் மகள் சிரிக்கிறாள். நம் பேச்சை ஒட்டுக்கேட்கும் கருவியை மட்டும் எல்லோரும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம். நான்தான் அவசரப்பட்டு முப்பது வருஷம் முன்னாலேயே பயந்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். ரேடியோவுக்கு யார் பேசியதும் கேட்கவில்லை. பாடம் எடுப்பவர் கேள்வி கேட்டபின் மனசுக்குள் பத்து வரை எண்ணுவார். அன்று காலை அக்காவின் தம்பியை ராணுவம் தெருவில் பிடித்துக்கொண்டு போயிருந்தது. அந்தப் பெண் அவருடைய மாணவி. அவர் திரும்பி வரவில்லை. ஆறு மணிப் பாடம் ஒரு நாளும் நிற்கவில்லை.