பாகா திராட்சையும் இரண்டு தகப்பன்மாரும்

மாத்தளைக்குப் பக்கத்தில், உக்குவளையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருநூற்றுப் பன்னிரண்டு மிளகுக் கொடிகள் இருந்தன. இப்போது நூற்று முப்பத்தொன்பது. போனதில் பாதி வேரழுகிப் போனது, மீதியைக் குரங்குகள் இழுத்துப் போட்டன. அரசாங்கம் ஒரு நாள் காலையில் எல்லோரையும் ஐந்து நிமிடம் குரங்கு எண்ணச் சொன்னபோது நானும் தோட்டத்தில் நின்று எண்ணினேன். நாற்பத்துமூன்று என்று எழுதப் போனேன்.

"ஒங்களயும் சேத்து எழுதுங்க, நாப்பத்துநாலு" என்றாள் என் மனைவி.

நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. எண்ணி எதையும் காப்பாற்றியதும் இல்லை.

எங்களுக்கு ஒரே மகன். போர்த்துக்கலுக்குப் போய் எட்டு வருடமாகிறது. முதலில் பழத்தோட்டங்களில் கூலி வேலை, பிறகு பைராடா என்ற பகுதியில் ஒரு வயதானவரின் திராட்சைத் தோட்டத்தில் வேலை. போன வருடம் அவனே டிக்கெட் அனுப்பி என்னைக் கூப்பிட்டான். மனைவிக்கு முழங்கால் வலி, வரமுடியாது. மிளகாய்த்தூளையும் மாசிக் கருவாட்டையும் ஐந்து பொதிகளாகக் கட்டிக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்:

"வர்றப்ப அவனையும் கூட்டிக்கிட்டு வாங்க. இல்லாட்டி நீங்களும் அங்கேயே இருந்துக்குங்க."

அதற்குத்தான் போனேன். ஊர் பார்க்கப் போகவில்லை.

நான் போய் இறங்கிய வாரக் கடைசியில் அங்கே ஒரு கொண்டாட்டம். பாகா என்பது அவர்கள் ஊர்த் திராட்சை. சிறிய, கறுத்த, தோல் தடித்த பழம். பிந்திப் பழுக்கும், மழை பெய்தால் கெட்டுப்போகும், வைன் புதிதாக இருக்கும்போது நாக்கைப் பிடுங்கும். ஒரு காலத்தில் இது வேண்டாமென்று பிடுங்கிப் போட்டுவிட்டு பிரான்ஸ் நாட்டுத் திராட்சையை நட்டார்களாம். இப்போது அதே பாகாவுக்கு விழா. ஐந்து இடங்களில் வைன் கூடங்களைத் திறந்து வைத்திருப்பார்கள், ஒரு டிக்கெட்டில் ஐந்தையும் பார்க்கலாம். மகன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, முதலாளியின் பழைய வேனில் என்னை ஏற்றினான். மழை பெய்துகொண்டிருந்தது. என் காலுறை இரண்டும் வேனில் ஏறும்போதே நனைந்துவிட்டன. பிரஷர் குளிசை போட்டவன் வைன் குடிக்கலாமா என்று கேட்டேன். "கொஞ்சம் தானப்பா" என்றான்.

முதல் கூடத்தில் இருபத்தாறு பீப்பாய்கள். ஒரு பெண் முன்னால் நடந்து மண்ணைப் பற்றிச் சொன்னாள், மழையைப் பற்றிச் சொன்னாள், பிறகு எல்லோரையும் விற்பனை மேசைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். மாத்தளை ரோட்டில் ஸ்பைஸ் கார்டனுக்குள் போன வெள்ளைக்காரர்கள் கடை வழியாகத்தான் வெளியே வரமுடியும். அது எனக்குத் தெரியும். ஆகவே பயப்படாமல் நின்றேன். நான்கு கிளாஸ்களில் ஒவ்வொரு வாய் ஊற்றித் தந்தார்கள்.

ஒரு வாய் என்றாலும் அது தாராளமான வாய். நான் நான்கையும் அடிவரை குடித்தேன்.

"அப்பா, அதக் குடிக்கத் தேவயில்ல. வாயில வச்சுப் பாத்துட்டு அந்த வாளியில துப்பணும்."

"குடுத்தவ முன்னாலயா?"

"எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க, பாருங்க."

பார்த்தேன். கோட்டுப் போட்ட மனிதர்கள் வரிசையாக நின்று, கொடுத்த பெண்ணின் கண்ணெதிரே துப்பினார்கள். அவள் சிரித்தபடி நின்றாள். என்னால் முடியவில்லை. நான் முதலில் படிப்பித்தது ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில். தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குப் போனால் தேத்தண்ணி தருவார்கள். டவுனிலிருந்து வந்த மாஸ்டர் முழுக்கக் குடிக்கிறாரா, உதட்டில் வைத்துவிட்டுத் திருப்பித் தருகிறாரா என்று கதவோரம் நின்று பார்ப்பார்கள். மிச்சம் வைத்தால், அவர் தங்களை என்ன சாதியாக நினைக்கிறார் என்று அவர்களுக்கு விளங்கிவிடும். அதனால் ஒரு சொட்டு விடாமல் குடித்து, அவர்கள் பார்க்கும்படி கோப்பையை வைப்பேன். முப்பத்துநான்கு வருடப் பழக்கம் ஒரு வாளியைப் பார்த்தவுடன் போய்விடுமா?

இரண்டாவது கூடத்திலும் நான்கு. வெளியே வந்தபோது தரை எனக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது.

"அம்மா பாத்தாங்கன்னா செத்தேன் நான்" என்று மகன் என் கையைப் பிடித்தான்.

"அம்மா ஒன்னயப் பாத்தே மூணு வருஷமாச்சு" என்றேன்.

மூன்றாவது கூடம் மகன் வேலை செய்யும் இடம். கூடம் என்று சொல்ல முடியாது, மாட்டுக் கொட்டிலாக இருந்திருக்க வேண்டும். பதினொரு பீப்பாய்கள். முதலாளிக்கு எழுபத்தெட்டு வயது, என்னைவிட நான்கு கூட. கூனல் விழுந்த மனிதர், விரல் நகங்களெல்லாம் ஊதாக் கறை. மூன்று கிளாஸ்களில் ஊற்றித் தந்தார், மூன்றையும் குடித்தேன். அவர் மனைவி ரொட்டியும் பாற்கட்டியும் வெட்டி வைத்தார். வேறு விருந்தாளிகள் இல்லை. மழையில் அந்தச் சேற்றுப் பாதைக்கு யார் வருவார்கள்? சுவரில் இரண்டு இளைஞர்களின் படம் மாட்டியிருந்தது. மகன்களாம். மூத்தவன் லக்ஸம்பேர்க்கில், இளையவன் பிரான்ஸில்.

முதலாளி என் மகனின் தோளில் தட்டி ஏதோ செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு என் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு நீண்ட நேரம் பேசினார். மகன் தரையைப் பார்த்தபடி தமிழில் சொன்னான்.

"இந்தத் தோட்டத்தப் பாத்துக்க ஆள் இல்லயாம். மகன்மார் வரமாட்டாங்களாம். என்னய இங்கேயே வச்சுக்கிறேங்கிறாரு. கொடியெல்லாம் தொண்ணூறு வயசாம், தெரியாதவன் கத்தரி வச்சா செத்துருமாம். குத்தகைக்கு எழுதித் தாறேங்கிறாரு. ஆனா அப்பா சம்மதம் வேணுமாம்."

"பொண்ணு கேக்குற மாதிரியில்லடா இருக்கு."

"நானும் அதத்தான் நெனச்சேன்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். என்ன சிரிப்பு என்று தெரியாமலே அந்த மனிதரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் உள்ளே பதினொரு வாய் வைன் இருந்தது.

"அவருகிட்ட சொல்லு. எனக்கும் ஒரு தோட்டம் இருக்கு. மிளகு. நூத்தி முப்பத்தொம்பது கொடி நிக்குது. எனக்கும் ஆள் இல்ல. ஒன்னக் கூட்டிக்கிட்டுப் போகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்னு சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான். மாற்றாமல் சொன்னான் என்று அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. அவர் என் கையை விடவில்லை. ஆனால் பிடி தளர்ந்தது. அவர் மனைவி ரொட்டிக் கத்தியை மேசையில் வைத்தார்.

"மிளகுக் கொடி எத்தன வருஷம் காய்க்கும்னு கேக்குறாரு."

"நல்லாப் பாத்துக்கிட்டா முப்பது."

அவர் தலையாட்டிவிட்டு ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். சிவந்த இலைகளோடு முழங்கால் உயரத்தில் முறுக்கிக்கொண்டு நின்றன அவருடைய கொடிகள். மூன்று மடங்கு வயது என்கிறார். சந்தையில் ஒரே மாட்டுக்கு விலை பேச வந்த இரண்டு பேர்போல நாங்கள் நின்றோம். மாட்டுக்கு முப்பத்துமூன்று வயது.

"நீ என்னடா சொல்ற?" என்று கேட்டேன்.

"மொதல்ல அந்த ரொட்டியச் சாப்பிடுங்கப்பா. வெறும் வயித்துல குடிச்சிருக்கீங்க."

வேனுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் சொன்னான். எஞ்சினைப் போடவில்லை.

"நான் இங்கேயும் இருக்கப் போறதில்லப்பா. அங்கேயும் வரப்போறதில்ல. எனக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட் கெடச்சிருச்சு. தை மாசம் லக்ஸம்பேர்க் போறேன். சாமான் கிட்டங்கியில வேலை. சம்பளம் இங்க மாதிரி ரெண்டு மடங்கு."

"வேலை யாரு பாத்துக் குடுத்தது?"

கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைக் கையால் துடைத்தான்.

"அவரோட பெரிய மகன்தான்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. எப்படிச் சொல்றது? நீங்க இன்னிக்கி அப்படிப் பேசினது ஒரு வகையில நல்லதாப் போச்சு. அப்பா விடமாட்டேங்கிறாரு, ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டா அவருக்கு வெளங்கும். அம்மாகிட்ட, மொதலாளி விடமாட்டேங்கிறாருன்னு சொல்லுங்க."

"நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப நானே சொல்லிக்கிறேன்."

கோபம் வரவேண்டும். வரவில்லை. மிளகுத் தோட்டத்தை மனதுக்குள் அவனுக்கு ஒரு தடவை காட்டிப் பார்த்தேன். வேரழுகல், குரங்கு, ஆள் கிடைக்காமை, உரத்தின் விலை. எந்தப் பக்கமிருந்து கூட்டிப் பார்த்தாலும், வா என்று சொல்ல ஒரு காரணம் மிஞ்சவில்லை. அவன் அம்மா இருக்கிறாள் என்பதைத் தவிர. அதைச் சொன்னேன்.

"தெரியும்பா" என்றான். பிறகு, "டிக்கெட்ல இன்னும் ரெண்டு எடம் இருக்கு, பாத்துட்டே போவோம்" என்றான்.

போனோம். நான்காவது கூடத்தில் ஒருவர் மேடையேறிப் பேசினார். யாரும் வேண்டாமென்று விட்ட திராட்சை இன்று உலகமெங்கும் போகிறது என்று மகன் என் காதில் சொன்னான். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அங்கே தந்ததை நான் வாளியில் துப்பினேன். யாரும் கவனிக்கவில்லை. ஐந்தாவதில் உட்கார இடம் இருந்தது என்பது மட்டும்தான் நினைவிருக்கிறது.

நான் தனியாகத் திரும்பி வந்தபோது மனைவி வாசலில் நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. மகன் எனக்கு முன்பே போனில் பேசி முடித்திருந்தான்.

"அந்தக் கெழவர் விடமாட்டேங்கிறாராமே?"

நான் சப்பாத்தைக் கழற்றினேன்.

"அந்த மனுசனுக்குப் புள்ள குட்டி இல்லயா?"

"ரெண்டு பேர் இருக்காங்க."

"இருந்துமா அடுத்தவ புள்ளயப் புடிச்சு வச்சிருக்காரு?"

அதற்குள் அங்கே முதலாளியின் மனைவியும் தன் மேசையில் ரொட்டி வெட்டிக்கொண்டு என்னைப் பற்றி இதையேதான் கேட்டிருப்பார். இருவருக்கும் உண்மையைச் சொல்ல மொழி தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான். அவன் லக்ஸம்பேர்க்குக்குச் சாமான் கட்டிக்கொண்டிருந்தான்.

அவள் சாமி விளக்கில் எண்ணெய் விட்டாள். திரியைத் தூண்டிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்:

"அவருக்கு என்ன வயசிருக்கும்?"

"எழுபத்தெட்டு."

அவள் மனதுக்குள் ஏதோ கூட்டிப் பார்த்தாள். கணக்கு சரிவந்தது போலிருந்தது.

"அப்ப ரொம்ப நாளைக்கில்ல" என்று சொல்லிவிட்டு, சோறு போட உள்ளே போனாள்.