அத்தை போட்ட கோப்பியும் என் நெஞ்சுத் துடிப்பும்

படுத்தவுடன் என் நெஞ்சை அப்படி அடிக்கவைத்தது எது? என் மகன் இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறான். இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. அவன் கைக்குழந்தையாக இருந்த நாள்களில், எழுந்து நடமாடும்போது ஒன்றும் இருக்காது. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு நானும் தலையணையில் சாய்ந்து, கண் சொருகும் நேரத்தில்தான் ஆரம்பிக்கும். துறைமுகமுள்ள பாசிர் கூடாங் பக்கம் போகும் கனரக லாரி வீட்டு ஓரமாகக் கடந்தால் ஜன்னல் கண்ணாடி அதிருமே, அந்த அதிர்வு விலா எலும்புக்குள் வந்ததுபோல் இருக்கும். பிறகு ஒரு துடிப்பு காணாமல் போகும். அடுத்தது ஓங்கி இடிக்கும். பதறி எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அதன்பின் எங்கே தூங்குவது?

அப்போது நாங்கள் மாசாயில், என் கணவரின் அம்மாவோடு அவருடைய தொடர்வீட்டில் இருந்தோம். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். என் அம்மா மூவாரில், முட்டி வலியால் அதிகம் நடமாட முடியாமல் இருந்ததால், தலைப்பிரசவப் பத்தியம் முழுவதும் அத்தையின் பொறுப்பில் வந்தது. அத்தை மின்னணுத் தொழிற்சாலையில் பல காலம் லைன் லீடராக வேலை செய்து ஓய்வுபெற்றவர். வேலை போனாலும் குரல் போகவில்லை. வரவேற்பறையில் நின்று பேசினால் தெருக்கோடியில் மோட்டார் சைக்கிளைக் கழுவுகிறவர் திரும்பிப் பார்ப்பார். தொழிற்சாலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கியவர் என்று அவரைப் பற்றிக் கதை உண்டு. எனக்குத் தூக்கம் வரவில்லை என்பது அதனாலேயே அவருக்குப் புரியாத விஷயம். “கண்ண மூடு, தூக்கம் தானா வரும். இதுக்குப் போயி கூகல்ல என்னத்த தேடறே?” என்பார்.

தேடாமல் எப்படி இருப்பேன்? அறிவியல் படித்தவள், தொழிற்சாலை ஆய்வகத்தில் தரப் பரிசோதனை செய்கிறவள். படுக்கும்போது இதயம் படபடக்கக் காரணம் என்னவென்று கைப்பேசியில் தேடியபோது வரிசையாக வந்தன. கோப்பி, தேநீர். உடம்பில் நீர் குறைவது. இரத்தச்சோகை. தைராய்டு. சளி மாத்திரை. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பது. பிரசவத்துக்குப் பின் வரும் மனக்கலக்கம். இதயத்திலேயே ஏதாவது கோளாறு. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் சாதாரணத் துடிப்புகூடப் பலமாகத் தெரியும் என்றும் போட்டிருந்தது. படிக்கப் படிக்க எல்லாமே எனக்குப் பொருந்துவதுபோல் இருந்தது. கடைசிக் காரணத்துக்கு வந்ததும் மற்றவை மறந்துபோகும். தூக்கத்தில் என் இதயம் நின்றுவிட்டால் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைக்குப் பால் யார் கொடுப்பார்கள் என்று நினைப்பேன். நினைத்தவுடன் மறுபடியும் படபடப்பு. பயத்தால் அடிக்கிறதா, அடிப்பதால் பயமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அத்தையின் பத்தியத்தில் தண்ணீருக்கு இடமில்லை. பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் உடம்பு ஊதிவிடும், வயிறு இறங்காது என்பது அவர் கட்சி. தாகம் எடுத்தால் பால் ஊற்றாத கோப்பி ஓ. கருப்பட்டி போட்டு, கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாக. குளியலுக்குப் பின், சாப்பாட்டுக்குப் பின், பால் கொடுத்த பின் என்று குவளை வந்துகொண்டே இருக்கும். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று பார்ப்பார். அந்தக் கோப்பி அவருக்குப் பெருமை. மருமகளை எப்படிக் கவனிக்கிறேன் என்பதற்கு அவர் ஊருக்குக் காட்டும் அடையாளம்.

அது போதாதென்று மூவாரிலிருந்து அம்மா என் தம்பியிடம் லேகியம் கொடுத்தனுப்பியிருந்தார். தினமும் போனில், “சாப்பிட்டியாடி?” என்று கேட்பார். சாப்பிடவில்லை என்றால் குரல் உடைந்துவிடும். பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மலாய்க்கார அம்மாவை மாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், நல்ல மனுஷி. தன் மகளுக்குக் காய்ச்சிய ஜாமு என்ற மூலிகைக் கஷாயத்தில் எனக்கும் ஒரு கிண்ணம் நீட்டுவார். வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. அத்தைக்குத் தெரிந்தால், என் பத்தியத்தில் என்ன குறை கண்டாய் என்று கேட்பாரே என்று பயம். ஆகவே லேகியம் குழந்தைத் துணிகளுக்கு அடியில் இருந்தது. ஜாமு, அத்தை காய்கறி வாங்க பசாருக்குப் போகும் நேரத்தில் உள்ளே போனது. யார் மனமும் நோகக்கூடாது என்று எல்லாவற்றையும் குடித்துக்கொண்டிருந்தேன்.

முதல்முறை என் கணவரோடு அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். இதயத் துடிப்பை மின்பதிவு எடுத்துப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் அது சமர்த்தாக, சீராகத் துடித்தது. சாப்பாடு எப்படி என்று கேட்டதற்கு, “சாதாரணச் சாப்பாடுதான்” என்று சொல்லிவிட்டேன். வீட்டுக் கோப்பியை வெளியே போய்க் குறை சொல்வது அத்தையைக் காட்டிக்கொடுப்பதுபோல் இருந்தது. படபடப்பு மறுபடி வந்தால் வரச்சொல்லி அனுப்பினார்கள். “டாக்டரே ஒன்னும் இல்லன்னுட்டாங்க, நீ சும்மா யோசிக்கிறே” என்று சொல்லிவிட்டு என் கணவர் செனாயில் இருக்கும் தொழிற்சாலைக்கு மாலை ஷிப்டுக்குப் போனார்.

சில நாள் கழித்து, ஒரு பிற்பகலில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தவள் அப்படியே சாய்ந்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. ஆனால் குழந்தை என் கையிலிருந்து நழுவத் தொடங்கிய அந்தக் கணத்தை நினைத்தால் இப்போதும் விரல்கள் இறுகுகின்றன. அடுப்படியிலிருந்து ஓடிவந்த அத்தை பிள்ளையை வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார். “கெளம்பு. கார் கூப்பிடறேன்.”

கிளினிக்கில் அன்று இருந்தவர் ஒரு தமிழ்ப் பெண் மருத்துவர். என் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “வீட்டுல என்ன சாப்பிடறீங்க? தண்ணி எவ்ளோ குடிக்கிறீங்க?” என்று கேட்டார். பக்கத்து நாற்காலியில் அத்தை, மடியில் என் மகன். சாதாரணச் சாப்பாடுதான் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. குழந்தையின் கால் அத்தையின் மடியிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“தண்ணி குடிக்கறதே இல்ல டாக்டர். தாகத்துக்கு கோப்பி ஓ தான். நாள் பூரா.”

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். “கெட்டிக் கோப்பி, டாக்டர். நானே போடறது. கடையில குடுக்கற மாதிரி தண்ணிய ஊத்தி ஏமாத்தற கோப்பி இல்ல.”

மருத்துவர் மெல்லத் தலையாட்டினார். “இரும்புச்சத்து மாத்திரை குடுத்திருப்பாங்களே, அத எதோட முழுங்கறீங்க?”

“கோப்பியோட.”

அத்தை முந்திக்கொண்டார். “தண்ணி குடிக்கக்கூடாதே டாக்டர். அப்பறம் எதோட முழுங்கறதாம்?”

கோப்பியோடு விழுங்கினால் அந்த இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்று மருத்துவர் விளக்கினார். நான் படித்த விஷயம்தான். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். கையில் குவளையோடு அத்தை நிற்கும்போது ஒருநாளும் ஞாபகம் வரவில்லை. வாய் திறந்தாகிவிட்டது, இனி மூடுவானேன் என்று மிச்சத்தையும் சொன்னேன். “அம்மா குடுத்தனுப்பின லேகியமும் சாப்பிடறேன். பக்கத்து வீட்டு மாக்சிக் குடுக்கற ஜாமுவும்.”

“அலாமாக்!” அத்தையின் குரலில் என் மகன் விழித்துக்கொண்டான். “ஜாமுவா? என் வீட்டுலயா? எப்ப?”

“நீங்க பசாருக்குப் போறப்ப, அத்தை.”

மருத்துவர் முகக்கவசத்துக்குள் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. “ஆன்ட்டி, உங்க மருமக ஒரே வயித்துல மூணு வீட்டுப் பத்தியம் பாத்திருக்காங்க.”

இரத்தம் எடுத்தார்கள். இரத்தச்சோகை என்று அங்கேயே தெரிந்துவிட்டது. பிரசவத்துக்குப் பின் தைராய்டு கோளாறாலும் இப்படி வரலாம் என்று அதற்கும் மாதிரி அனுப்பினார்கள். அதன் முடிவு பின்னால் சரியாகவே வந்தது. ஒருநாள் முழுக்க நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் சிறு கருவியைப் பொருத்தி, அவ்வப்போது வருவது கூடுதல் துடிப்பு, எனக்கு அது ஆபத்தில்லை என்றும் உறுதிப்படுத்தினார்கள். தண்ணீர் குடிக்க வேண்டும், கோப்பியும் ஜாமுவும் லேகியமும் நிறுத்த வேண்டும், மாத்திரையைக் கோப்பி, தேநீர் பக்கமே கொண்டுபோகக்கூடாது. மயக்கமோ, நெஞ்சுவலியோ, மூச்சுத்திணறலோ வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். மனக்கலக்கத்தைப் பற்றியும் மருத்துவர் தனியாக என்னிடம் கேட்டார். நழுவிய குழந்தையைப் பற்றிச் சொல்லி அழுதேன். அதைப் பேசவும் இன்னொரு நாள் வரச்சொன்னார். போனேன்.

வீடு திரும்பும்போது காரில் அத்தை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். மொத்தக் குடும்பத்தையும் உடைத்துவிட்டேனோ, நயமாகச் சொல்லியிருக்கலாமோ, அவரை வெளியே அனுப்பிவிட்டுப் பேசியிருக்கலாமோ என்று எனக்குள் ஆயிரம் கேள்வி. வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் நேராக அடுப்படிக்குப் போனார். பிளாஸ்கிலிருந்த கோப்பியைக் கழுவு தொட்டியில் கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு தன் பழைய தொழிற்சாலைப் போத்தல் நிறைய வெதுவெதுப்பான தண்ணீரோடு வந்து என் முன் டங்கென்று வைத்தார்.

“இன்னிக்கு டார்கெட் இது. முடிக்காம எந்திரிக்கக்கூடாது.”

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

“என்னா பாக்கறே? மூஞ்சிக்கு நேரா சொன்னியே, அந்த வாய எங்கிட்ட முன்னாடியே தெறந்திருந்தா எம்பேரன் கைநழுவியிருப்பானா? குடி லா.”

எந்தக் கட்டளையையும் நான் அவ்வளவு சந்தோஷமாக நிறைவேற்றியதில்லை. அன்று சாயங்காலம் பின்சுவரோரம் அத்தையும் மாக்சிக்கும் மலாயில் உரக்கப் பேசிக்கொண்டார்கள். சண்டை என்று நினைத்தேன். மறுநாள் ஜாமுவுக்குப் பதில் மீன் சூப் வந்தது. அத்தையே சுவர்மேல் எட்டி வாங்கினார்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறியது. முதலில் அந்த இடி குறைந்தது. பிறகு காணாமல் போன துடிப்புகள் எப்போதாவது மட்டும் வந்தன. ஒருநாள் மதியம் பால் கொடுத்துவிட்டுச் சாய்ந்தவள், நெஞ்சைக் கவனிக்கவே மறந்து தூங்கிப்போனேன். விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் குழந்தை இல்லை. வாசலில் அத்தையின் குரல். தினமும் அந்த நேரத்தில் பாம்பாம் என்று ஹார்ன் அடித்து வரும் ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிளை வழிமறித்து, இடுப்பில் பேரனோடு நின்று மலாயில் அதட்டிக்கொண்டிருந்தார். ஹார்னைத் தொடாதே, என் மருமகள் தூங்குகிறாள், அவள் தூங்கி எத்தனை நாளாகிறது தெரியுமா உனக்கு? அந்தச் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பே வந்தது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. அன்று மாலை எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் நான் தூங்கிய செய்தி போய்விட்டது. ஏதோ பட்டம் வாங்கியவள்போல் தெருவில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் பட்டம் வாங்கியதுபோல்தான் இருந்தது.

எது காரணம் என்ற கேள்வி மட்டும் தங்கிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தியதால், எதை நிறுத்தியதில் குணமானேன் என்று சொல்ல வழியில்லை. அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை, கோப்பிதான். அத்தைக்கும் சந்தேகமே இல்லை, லேகியமும் ஜாமுவும்தான். இரண்டு பேரும் கல்யாண வீடுகளில் சந்தித்தால் இந்த வழக்கு மறுபடி நடக்கும். ஆய்வகத்தில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கப் பழகிய எனக்கு இது உறுத்தல்தான். அதைவிடப் பெரியதொன்று என் கைக்கு வந்திருக்கிறது. அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் உண்மையைச் சொன்னேன், யாரும் உடைந்துபோகவில்லை. இப்போது படுக்கும்போது எப்போதாவது ஒரு துடிப்பு தப்பினால், தண்ணீர் குடித்தேனா, சாப்பிட்டேனா, எதை நினைத்துக் கவலைப்படுகிறேன் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்டு முடிப்பதற்குள் பல சமயம் தூங்கிவிடுகிறேன்.

இப்போது மறுபடி வயிற்றில் ஒன்று. போன வாரம் அத்தை என் எதிரே வந்து உட்கார்ந்து, என் வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கேட்டார். “இந்தத் தடவ பத்தியத்துக்கு என்னா வேணும், நீயே சொல்லு. நான் செஞ்சு தரேன்.” இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். இரண்டு நாள் தாண்டிவிட்டது, தினமும் கேட்கிறார். பிள்ளை பெற்று, பத்தியம் இருந்து எழுந்த வாசகியரே, உங்கள் உடம்பு உண்மையில் தேறியது எந்தச் சாப்பாட்டால்? மருத்துவரிடம் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் சாப்பிடுவேன். ஆனால் அத்தைக்கு நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததை எனக்கு எழுதுங்கள்.