ஐம்பது சதவீதப் படம்

சர்மிடி கூரை பிரிக்கத் தொடங்கியது 1989-இல். ஜாவாவின் கிளாத்தென் வட்டாரத்தில் முப்பது வருடங்களில் நூற்று நாற்பத்தொரு ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளை இறக்கியிருந்தார். எல்லாமே சுத்தியலால் தட்டி உடைத்ததுதான். மூக்கில் துணிகூடக் கட்டியதில்லை. கூடவே உழைத்த அண்ணன் ஜுமேரி ஐம்பத்தெட்டு வயதில் மூச்சுக்குத் திணறிச் செத்த பிறகுதான், அது கூரைத் தூசின் வேலை என்று மருத்துவர் சொன்னார்.

விதி இல்லாமல் இல்லை. ஷீட்டை நனைக்க வேண்டும், ஆணியைக் கழற்றி முழுதாக இறக்க வேண்டும், முகமூடி போட வேண்டும். இப்போது பிரிக்க வந்திருந்த தொடக்கப்பள்ளிக் கூரையின் ஒப்பந்தத்திலும் அத்தனையும் எழுதியிருந்தது. ஆனால் ஒப்பந்தக்காரர் அதைக் கேமராவுக்கு மட்டுமே நிறைவேற்றினார். தொடக்கத்தில், பாதியில், முடிவில் என்று மூன்று படங்கள் போனால் பணம் தரும் அலுவலகத்துக்குப் போதும். முதல் படத்தன்று மண்டோர், அதாவது மேஸ்திரி, வகினோ ஆறு பேருக்கு முகமூடி கொடுத்தான், குழாயில் தண்ணீர் பீய்ச்சினான், படம் எடுத்ததும் முகமூடிகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டினான். பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டிருக்க, ஷீட்டுகள் காய்ந்தபடியே உடைந்து விழுந்தன.

ஒன்பதாம் நாள் ஐம்பது சதவீதப் படம். பெட்டி திறந்தது. சர்மிடி முகமூடியை வாங்கவில்லை.

"மாட்டுங்க ஐயா, வெயில் ஏறுது," என்றான் வகினோ, கேமராவைத் தூக்கியபடி.

"ஒம்பது நாளா மூடாத மூஞ்சி தம்பி. உள்ளத உள்ளபடி எடு."

"ஆபீஸ்ல திருப்பி அனுப்பிருவாங்க."

"அனுப்பட்டும். எங்கண்ணன் நெஞ்சையும் ஒரு படம் எடுத்தாங்க, வீட்ல இருக்கு. அதையும் சேத்து அனுப்பு."

ஷீட் சுமக்கும் போனியெம் தன் முகமூடியைக் கழற்றினாள். "படம் அழகா வரணும்னு மண்டோருக்கு ஆசை. எங்க தலையப் பாரு, பவுடர்கூட நீயே பூசிட்ட." மற்ற நால்வரும் சிரித்துக்கொண்டே கழற்றினார்கள்.

"இப்ப என்னதான் வேணும்?"

"பெட்டிச் சாவி, தண்ணிக் குழா. வேலை முடியற வரைக்கும்."

வகினோ முதலாளிக்குப் போன் போட்டான். திட்டு வாங்கினான். பிறகு சாவியை மணலில் வீசினான்.

மிச்சமிருந்த நூற்று அறுபத்தெட்டு ஷீட்டுகளும் நனைந்து, முழுசாக இறங்கின. முதல் பாதிக்கு ஒன்பது நாள், இரண்டாம் பாதிக்குப் பதினொன்று. இரண்டே நாள்தான் கூடுதல். அந்த இரண்டு நாளை மிச்சம் பிடிக்கத்தான் முப்பது வருடமாக ஆட்களின் நெஞ்சில் தூசை அடைத்திருக்கிறார்கள்.

அடுத்த வேலைக்கு வகினோ சர்மிடியைக் கூப்பிடவில்லை. போனியெமைக் கூப்பிட்டான். முதல் நாள் காலையிலேயே அவள் சாவியைக் கேட்டாளாம்.