கொழுப்பு கடத்தினேன் என்று மாட்டிக்கொண்ட மதியம்

போன மே மாதம், மண்டை பிளக்கும் மதிய வெயில். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பக்கம் பைக்கில் போய்க்கொண்டிருந்தேன். பின் சீட்டில் கட்டிய தெர்மாகோல் பெட்டிக்குள், ட்ரை ஐஸ் நடுவே, உறைந்த நிலையில் சுண்டுவிரல் அளவு குப்பி. எங்கள் லேப் சீனியர் அக்கா மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய புரோட்டீன். லேப் ஃப்ரீசர் திடீரென்று படுத்துவிட்டது. கடலோரம் இன்னொரு லேபில் இடம் கிடைத்ததும், "நான் இருக்கேன்க்கா, ஃப்ரீயா விடுங்க" என்று கெத்தாகக் கிளம்பிவிட்டேன். உருகினால் காலி. அக்காவின் பிஎச்.டி. அந்தரத்தில் நின்றுவிடும்.

வழியில் போலீஸ் செக்கிங். யாரோ வி.ஐ.பி. வருகிறாராம். என் பெட்டி ஓரத்திலோ ட்ரை ஐஸ் புகை கசிகிறது. போச்சு!

"டேய், பொட்டில புகை வருது! எறங்கு! உள்ள இன்னா கீது?" ஏட்டு கத்தினார்.

"ரீகாம்பினன்ட் ஹியூமன் லிப்பிட் டிரான்ஸ்ஃபர் புரோட்டீன் சார்."

"பீட்டர் உடாத. தமிள்ல சொல்லு."

பதற்றத்தில் அப்படியே தமிழாக்கித் தொலைத்தேன். "மனுஷக் கொழுப்பைக் கடத்துறது சார்."

"கடத்துறியா? அத எங்கிட்டயே சொல்றியா? இன்னா கொழுப்புடா உனக்கு!"

பைக் சாவி அவர் கைக்குப் போனது. பெட்டி தார் ரோட்டில், வெயிலில். கிட்டே போகக்கூடாதாம். புகை மெலிந்துகொண்டே வந்தது. அழாத குறையாக அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"சார், அது யார் உடம்புலேருந்தும் எடுத்தது இல்ல, லேப்ல உருவாக்கினது. ரத்தத்துல கொலஸ்ட்ராலை இடம் மாத்துற புரோட்டீன். மருந்து ஆராய்ச்சிக்கு சார்."

ஏட்டின் முகம் மாறியது. "கொலஸ்ட்ராலா? நானே மாத்திர போட்டுகினு கீறேம்மா." மூடியைக் கொஞ்சமாகத் தூக்கிப் பார்த்தார். ட்ரை ஐஸ் கையளவுதான் மிச்சம். சாவியை என்னிடம் வீசினார். "கெளம்பு நைனா, சீக்கிரம். கடத்துறேன் கிடத்துறேன்னு இனிமே எங்கியும் ஒளறாத."

மிச்ச தூரம் எப்படி ஓட்டினேன் என்று சத்தியமாகத் தெரியாது. அந்த லேபில் குப்பியைச் சாய்த்துப் பார்த்தார்கள். உள்ளே எதுவும் அசையவில்லை. உறைந்தே இருந்தது. அக்காவுக்கு 'சேஃப்' என்று மெசேஜ் தட்டிவிட்டேன்.

இப்போதெல்லாம் யாராவது என்ன ஆராய்ச்சி என்று கேட்டால், அது யாருக்கு உதவும் என்பதைத்தான் முதலில் சொல்கிறேன். புரோட்டீனின் பெயரைத் தமிழில் சொல்லப் போகும்போது மட்டும் நாக்கு இன்னும் ஒரு நொடி தயங்குகிறது.