படத்தில் இருந்த முட்டுச்சுவர்

அந்தத் தேவாலயத்தைப் பெருக்கித் துடைத்துப் பூட்டுகிறவளை எல்லாரும் சாவிக்காரம்மா என்றே கூப்பிட்டார்கள். பதினாறு வருஷ வேலை. பாதிரியாரின் அறையில் ஒரு பென்சில் படம் தொங்கியது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ எதிரே உட்கார்ந்து வரைந்த இதே கோதிக் தேவாலயம்தான். கூரிய வளைவுகள், ஊசிக் கோபுரம், ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக. வாரம் ஒருமுறை கண்ணாடியைத் துடைப்பாளே தவிர, படத்தை ஊன்றிப் பார்த்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, கண்ணாடி மாற்றுவதற்காகச் சட்டத்தைக் கழற்றி, படத்தை மேசைமேல் வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தவளுக்கு ஏதோ இடறியது. கோபுரத்தின் வடக்குப் பக்கம், அதைத் தாங்கச் சாய்ந்து எழும்பிய முட்டுச்சுவர்கள் இரண்டு. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தாள். ஒன்றுதான் இருந்தது. மற்றது இருந்த இடத்தில் சைக்கிள் கொட்டகை. அதை ஒட்டிக் கோபுரச் சுவரில், தினமும் பார்க்கிற விரிசல். விரலை விட்டாள். இரண்டாம் கணுவரை உள்ளே போனது.

கோபுரத்துக்கு நேர் கீழேதான் பாடகர் குழு நிற்கும். முன்வரிசையில் அவள் மகள்.

“ஃபாதர், படத்துல ரெண்டு முட்டுச்சுவர் இருக்கு, வெளிய ஒண்ணுதான் நிக்குது. கோபுரத்த ஒரு எஞ்சினியர்கிட்ட காட்டிடலாமே?”

“வரஞ்சவன் அழகுக்கு ஒண்ணு கூடப் போட்டிருப்பான். நீ போய் வேலையப் பாரும்மா.”

சனிக்கிழமை முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. தெருவில் லாரி போனபோதெல்லாம் விரிசலிலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது.

ஞாயிறு காலை அவள் கதவைத் திறக்கவில்லை. கதவில் முதுகை ஒட்டி நின்றாள். கூட்டம் சேர்ந்துவிட்டது.

“அம்மா, மானம் போகுது. சாவியக் குடு,” என்றாள் மகள்.

“போனா போகட்டும்டி. நீ உள்ள போகாதே.”

“இதோட உன் வேலை போச்சுன்னு வச்சுக்கோ,” என்றார் பாதிரியார்.

“எஞ்சினியர் வந்து ஒண்ணுமில்லன்னு சொல்லட்டும் ஃபாதர். நானே போயிடறேன்.”

அவள் வாயை அடைக்கவே அவர் பொறியாளருக்குப் போன் போட்டார். வந்தவர் டார்ச்சோடு மேலே ஏறினார். இறங்கி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. உரக்கப் பேசினாலே சரிந்துவிடும் என்பதுபோல், “எல்லாரையும் தெருவுக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க. மெதுவா. மணி மட்டும் அடிச்சிடாதீங்க,” என்றார்.

தேவாலயம் பதினான்கு மாதம் பூட்டிக் கிடந்தது. படத்தைப் பார்த்தே இரண்டாம் முட்டுச்சுவரை மறுபடி கட்டினார்கள். கோபுரம் விழவில்லை. அவள் வேலையும் போகவில்லை.

பயம் மட்டும் போகவில்லை. “இன்னும் எதுக்கும்மா அடிக்கடி மேல பாக்குற?” என்று மகள் சிரிப்பாள். அவள் துடைப்பத்தை வேகமாக இழுத்து, கோபுரத்துக்கு நேர் கீழே உள்ள இடத்தைத் தாண்டிவிடுவாள்.