லேபிளில் அக்கா

சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம். அப்பா தறி முதலாளியிடமிருந்து சேலைகளை வாங்கி வருவார். நாங்கள் வீட்டில் மடித்து, மைதாப் பசை தடவி, ஒவ்வொன்றிலும் லேபிள் ஒட்டிக் கொடுப்போம். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினான்கு வயது, அக்காவுக்குப் பதினெட்டு.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் பழைய தாமரைப்பூ லேபிளை மாற்ற முதலாளிக்கு ஆசை வந்தது. "பூவப் பாத்து எவன் சேலை எடுப்பான்? ஒம்ம மூத்தவள இந்தச் சேலையக் கெட்டச் சொல்லும் வே, போட்டோ பிடிப்போம்" என்றார். அப்பாவுக்கு ஒரே பெருமை. நம் தெருச் சேலையை நம் பிள்ளை கட்டுவதில் என்ன தப்பு என்று அம்மாவும் சொன்னாள். அக்கா கழுத்து வரை மூடி, இடுப்பில் இரண்டு ஊக்கு குத்தி, ஸ்டுடியோவில் விறைப்பாக நின்றாள்.

சிவகாசியில் அச்சாகி வந்த லேபிள் கட்டை நான்தான் பிரித்தேன். முகம் அக்காவுடையது. இடது புருவத்துத் தழும்புகூட அப்படியே இருந்தது. கழுத்துக்குக் கீழே வேறு யாரோ. முந்தானை நழுவி, ரவிக்கை நனைந்து ஒட்டி, தொப்புள் தெரிய அருவியில் நின்றாள். சினிமா போஸ்டரில் நான் தலையைக் குனிந்துகொண்டு கடக்கிற உடம்பு அது. ஸ்டுடியோவில் அக்கா சிரிக்கவே இல்லை. சிரிப்பையும் வரைந்து சேர்த்திருந்தார்கள்.

அப்பா முதலாளியிடம் ஓடினார். "அச்சடிச்சாச்சு வே. இப்பம் எல்லாரும் இப்டித்தான் போடுதாவ" என்று அவர் சொல்லிவிட்டார். திரும்பி வந்த அப்பா தன் மூளையை உபயோகித்தார். சினிமா போஸ்டரில் தாள் ஒட்டி மறைத்திருப்பதைப் பார்த்திருக்கிறார் அல்லவா? ஒவ்வொரு லேபிளிலும் மார்பிலிருந்து இடுப்பு வரை வெள்ளைத்தாள் ஒட்டச் சொன்னார். குடி கெட்டது அதில்தான். கடைக்கு வந்தவர்கள் உள்ளே என்னவென்று நகத்தால் சுரண்டிப் பார்த்தார்கள். சேலை எடுக்காதவர்களும் சுரண்டினார்கள்.

தபசு வாரத்தில் அக்கா தண்ணீருக்குப் போனாள். டீக்கடையில் ஒருவன், "தாள எடுத்தாச்சா?" என்று கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தாள். அதே வாரம் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்த கடிதமும் வந்தது. சேர இரண்டு வாரமே இருந்தது. அப்பா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார்.

"ஊர் வாய் அடங்கட்டும்ட்டி. இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எப்டி பஸ்ல போவ?"

எனக்கு அப்பா மேல் அன்று வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. வரைந்தவன் எங்கோ வயிறாரச் சாப்பிட்டுத் திரிகிறான். வீட்டுக்குள் உட்கார வேண்டியவள் அக்காவாம்.

மறுநாள் மதியம் அக்கா பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். லேபிள் லேபிளாகத் தன் முகத்தைச் சுரண்டினாள். புருவம், கண், அந்தச் சிரிப்பு. நான் வழக்கம்போல வெள்ளைத்தாளை எடுத்தேன்.

"தாள் ஒட்டாத. மூஞ்சி மட்டுந்தான் என்னுது. மத்தது எவளுதோ, கெடக்கட்டும்."

ஐந்து கட்டுச் சேலையிலும் முகத்தை எடுத்துவிட்டோம். முதலாளி திருப்பி அனுப்பினால் வேலை போய்விடும் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா வந்து பார்த்தார். கை ஓங்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, கட்டுகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்.

நான்கு நாள் ஒரு தகவலும் இல்லை. ஐந்தாம் நாள் முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். நாங்கள் மூவரும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். திரும்பி வந்த அப்பா சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்.

"இன்னும் பத்துக் கட்டு கேக்காவ. சீக்கிரம் வேணுமாம்."

"மூஞ்சி?" என்றாள் அக்கா.

"ஒரு கடைக்காரரும் கேக்கலியாம். மொதலாளியே நாஞ் சொன்ன பொறவுதான் பாத்தாரு."

கடிதத்தை அப்பாவே எடுத்துக் கொடுத்தார். அடுத்த வாரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த அக்கா, வழியனுப்ப வந்த என்னைக் கிட்டே கூப்பிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"ஏட்டி, அவ்வளவு பேரு பாத்தானுவளே. மூஞ்சி இல்லன்னு ஒருத்தனுக்கும் தெரியலியா?"

பஸ் போனதும் வீட்டுக்கு வந்து, பத்துக் கட்டுக்கும் பசை காய்ச்சினேன்.